சர்வர் டிஸ்க்கை வாரன்டிக்குக் கொடுக்கும் முன்

கேள்வி: கிருஷ்ணகிரியில் மாங்கூழ் ஆலைகள் சிலவற்றுக்குக் கணக்கு எழுதித் தரும் சிறு அலுவலகத்தை நானும் என் தம்பியும் நடத்திப் பிழைக்கிறோம். எங்கள் லினக்ஸ் சர்வரின் 4 டெராபைட் ஹார்ட் டிஸ்க்கை ஒன்றரை ஆண்டுக்கு முன் பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் வாங்கினோம். ஒரு வாரமாக அது திடீர் திடீரென்று நின்றுவிடுகிறது. சர்வரை அணைத்துப் போட்டால் சிறிது நேரம் ஓடுகிறது. வாரன்டியில் மாற்றித் தருவதாகக் கடைக்காரர் சொல்கிறார். கொடுத்துவிடலாமா?

பதில்: இப்போதே கொடுத்துவிடாதீர்கள். வாரன்டியில் உங்களுக்கு வருவது வேறொரு டிஸ்க், பெரும்பாலும் பழுது நீக்கிய ஒன்று. அதில் உங்கள் கணக்குகள் இருக்கமாட்டா. முதலில் அணைத்துப் போடுவதை நிறுத்துங்கள், ஏனெனில் நலிந்த டிஸ்க் ஒருமுறை நின்றபின் மறுபடி சுழலாமலே போய்விடக்கூடும். 'டக் டக்' என்று ஒலி வந்தால் எதையும் முயலாமல் மின்சாரத்தைத் துண்டித்து, தரவு மீட்பதையே தொழிலாகக் கொண்டவர்களிடம் கொண்டுசெல்லுங்கள்.

ஒலி இல்லையென்றால், லினக்ஸின் மையப் பகுதியான கர்னலின் பதிவில் உள்ள பிழைச் செய்திகளையும், டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் 'ஸ்மார்ட்' அறிக்கையையும் தனியே சேமித்துக்கொள்ளுங்கள். அந்த அறிக்கையின் தலைப்பில் 'பாஸ்டு' (தேறியது) என்று இருப்பதைக் காட்டிப் பழுதே இல்லை என்று சொல்லும் கடைக்காரர்கள் உண்டு. அந்தச் சொல்லை நம்பவேண்டாம். பார்க்க வேண்டியவை 5, 197, 198, 199 என்று எண்ணிட்ட வரிசைகள். முதல் மூன்று வரிசைகளின் கடைசியில் உள்ள எண் பூஜ்யமாக இல்லாமல் ஏறிக்கொண்டே போனால், டிஸ்க்கின் உள்ளே தரவு பதியும் தட்டின் பரப்பே கெட்டுவருகிறது. 199 மட்டும் ஏறினால், குற்றம் டிஸ்க்கில் அன்றி, அதைச் சர்வருடன் இணைக்கும் சாட்டா கேபிளிலோ இணைப்பிலோ இருக்கவே வாய்ப்பு அதிகம். கேபிளை மாற்றினாலும் அந்த எண் குறையாது. மேலும் ஏறாமல் நிற்கிறதா என்பதே சோதனை. டிஸ்க்கின் விலைக்கு முன் கேபிளின் விலை ஒன்றுமே இல்லை.

டிஸ்க்தான் பழுது என்று தெரிந்தால் 'எஃப்எஸ்செக்' கட்டளையை அதன்மேல் ஓட்டாதீர்கள். அது கோப்பமைப்பைச் சீராக்க எழுதப் புகுந்து, எஞ்சியதையும் குலைத்துவிடலாம். அதே கொள்ளளவோ அதற்கு மேலோ உள்ள புது டிஸ்க் ஒன்றை வாங்கி, 'டிடிரெஸ்க்யூ' என்ற மீட்பு நிரலைக் கொண்டு நகலெடுத்தபின், சீராக்கும் வேலையை நகலில் செய்யுங்கள். இந்தச் செலவை வாரன்டி பொதுவாக ஏற்காது.

வாங்கும்போது சர்வருக்கென்று தயாரித்த வகையையே கேளுங்கள். சாதாரண மேசைக்கணினி டிஸ்க் கெட்ட இடத்தை நெடுநேரம் திரும்பத் திரும்பப் படிக்க முயலும். லினக்ஸோ வழக்கமாக 30 விநாடி மட்டுமே பொறுத்திருந்து இணைப்பை மீட்டமைக்கும். அதற்குள் டிஸ்க்குக்காகக் காத்திருக்கும் நிரல்களைக் 'கில்' கட்டளையாலும் நிறுத்த இயலாது. நீங்கள் காணும் உறைவு இதனாலும் இருக்கலாம்.

பழைய டிஸ்க்கில் இருப்பவை ஆலைக்காரர்களின் கணக்குகள். அழிக்க முடிந்தால் முழுவதும் அழித்துவிட்டு அனுப்புங்கள். முடியாத நிலையில், வாரன்டியை விட்டுவிடுவதே மேல் என்பேன்.

கடைக்காரர் பின்னர் மறுத்தால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகார் பதியுங்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, வணிக நோக்கில் வாங்கியவரை நுகர்வோராகக் கொள்வதில்லை. ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பு நடத்துவதற்கென்றே வாங்கியவருக்கு விலக்கு உண்டு, உங்கள் நிலையை அவ்வாறு வாதிடலாம். பெங்களூருவில் வாங்கியிருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திற்குரிய நுகர்வோர் ஆணையத்திலேயே, வழக்குக்கான காரணம் எழுந்த 2 ஆண்டுகளுக்குள், மனு கொடுக்க முடியும். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் இல்லை. டிஸ்க்கின் சீரியல் எண் பில்லில் எழுதப்பட்டிருக்கிறதா என்று இன்றே எடுத்துப் பாருங்கள்.