பாஷ் கணக்கில் 64-வது கட்டத்து நெல் மைனஸில் வருவது ஏன்?

பாளையங்கோட்டை மாணவர் ஒருவரின் கேள்வி: சதுரங்கப் பலகையில் முதல் கட்டத்துக்கு ஒரு நெல், அடுத்ததற்கு இரண்டு, பிறகு நான்கு என்று இரட்டித்துக் கூட்டும் லூப், பாஷில் (லினக்ஸில் கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல்) எழுதியது. 63 கட்டம் வரை சரி. 64-வதில் -9223372036854775808, மொத்தம் -1. எர்ரரே வரவில்லை.

லூப்பில் தப்பில்லை. இன்றைய லினக்ஸில் பாஷ் போடும் கணக்கெல்லாம் குறியுள்ள 64 பிட் முழு எண்ணில்தான். அதில் அடங்குகிற மிகப் பெரிய எண் 9223372036854775807. உங்கள் 63 கட்டத்து மொத்தமும் அச்சாக அதுவேதான். 64-வது கட்டத்துக்கு 2**63 (2-இன் அடுக்கு 63) வேண்டும். பைனரியில் அதன் 1, பிளஸா மைனஸா என்று சொல்லும் குறி பிட்டில் போய் உட்காருவதால் மைனஸ் ஆகிறது. இரண்டையும் கூட்டினால் -1. $((2**64)) போட்டுப் பாருங்கள், வெறும் 0 வரும்.

எல்லை மீறினால் சோதிக்க மாட்டோம், சைபரால் வகுத்தால் மட்டும் பிடிப்போம் என்று பாஷ் மேனுவலிலேயே இருக்கிறது. அதனால் கட்டளை சரியாக முடிந்ததா என்று சொல்லும் $? 0 (சரி) என்றே காட்டும். எர்ரர் வந்தால் நிறுத்தச் சொல்லும் ‘செட் -இ’ (set -e) போட்டிருந்தாலும் இந்தக் கூட்டலில் ஸ்கிரிப்ட் நிற்காது.

விடை மைனஸா என்று பார்த்தால் போதாதா? போதாது. ஃபேக்டோரியல் (1 முதல் அந்த எண் வரை பெருக்குவது) போட்டால் 20 வரை சரி, 21-இல் மைனஸ். ஆனால் 23-இல் 8128291617894825984 என்று நல்ல பிள்ளை மாதிரி பிளஸில் வரும். அதுவும் பொய்தான். ஆகவே கணக்கு போடும் முன்பே சோதியுங்கள். இரண்டும் பிளஸ் எண்கள் என்றால், கூட்டலுக்கு முதல் எண் (9223372036854775807 - இரண்டாவது எண்)-ஐ விடப் பெரிதா என்று பாருங்கள். பெருக்கலுக்குக் கழிப்பதற்குப் பதில் வகுங்கள். பெரிது என்றால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். ஃபைலிலிருந்து வரும் எண் 18 இலக்கத்துக்குள் இருந்தால் பயமில்லை. முன்னால் 0 இருந்தால் மட்டும் பாஷ் அதை எட்டடிமான எண்ணாக எடுத்துக்கொள்ளும்: 010 என்றால் 8. 10#010 என்று எழுதினால் 10 கிடைக்கும்.

பெரிய எண்ணே வேண்டும் என்றால் பிசி (bc) என்ற கால்குலேட்டர் கட்டளைதான்:

echo '2^64-1' | bc

18446744073709551615 வரும். ஆயிரம் நெல் 24 கிராம் என்று வைத்தால் 44,272 கோடி டன். தாமிரபரணிப் பாசனம் முழுக்க அம்பை 16 நெல் ரகம் போட்டாலும் கட்டாது!

பிசியில் அடுக்குக்கு ^, பாஷில் **. மாற்றிப் போட்டால் பாஷ் வாயைத் திறக்காது: அங்கே ^ என்பது எக்ஸார் (இரு எண்களின் பிட்டுகளை ஒப்பிட்டு, மாறுபடும் இடத்தில் 1 போடுவது), $((2^64)) 66 ஆகும். ஆக் (awk) கட்டளையை இதற்கு நம்ப வேண்டாம். அது பொதுவாக டபுளில் (தசமப் புள்ளி எண்களுக்கான 64 பிட் வடிவம்) கணக்கு போடும்; 9007199254740992-ஐத் தாண்டினால் கடைசி இலக்கம் சத்தமில்லாமல் மாறும்.