ஃபார்மலினில் கிடந்த வௌவால் நுரையீரல்: பிசிஆர் ஏன் வரவில்லை?

நுரையீரலில் பூஞ்சை இல்லை என்று அறிக்கையில் எழுதலாமா என்று கேட்டிருந்தீர்கள். எழுதிவிடாதீர்கள். கல்ச்சரில் (ஆய்வகத்தில் வளர்த்துப் பார்ப்பது) வளரவில்லை, பிசிஆரிலும் (டிஎன்ஏ துண்டைப் பெருக்கிப் பார்ப்பது) வரவில்லை என்பதை மட்டும் வைத்து, கோத்தகிரியில் செத்துக் கிடந்த அந்த வலசை வௌவாலுக்கு நுரையீரலில் பூஞ்சை இல்லை என்று சொல்ல முடியாது. இரண்டு மாதம் ஃபார்மலினில் (திசுவைக் கெடாமல் வைக்கும் கரைசல்) கிடந்த துண்டு அது, பூஞ்சை இருந்திருந்தாலும் செத்திருக்கும், டிஎன்ஏவும் நொறுங்கியிருக்கும். நீங்கள் பிசிஆரில் தேடியதோ 500 பேஸ் (டிஎன்ஏ எழுத்து) நீளம், நொறுங்கிய டிஎன்ஏவில் அவ்வளவு நீளம் முழுசாகக் கிடைப்பது கடினம்.

முதலில் அதே சாம்பிளில் வௌவாலின் சொந்த மைட்டோகாண்ட்ரியா மரபணுவை அதே நீளத்துக்கு ஓட்டிப் பாருங்கள். அதுவும் வராவிட்டால் கோளாறு பெரும்பாலும் டிஎன்ஏவில்தான், பூஞ்சையை 150 பேஸ் நீளத்துக்கு இறங்கித் தேடுங்கள்.

அப்புறம் பாரஃபின் பிளாக்கில் (திசுவை மெழுகில் பதித்த கட்டி) புதிதாகச் சீவி, பூஞ்சையைக் கறுப்பாகக் காட்டும் கிராகாட் வெள்ளிச் சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் பாருங்கள். மேக்ரோஃபேஜுக்குள் (கிருமியை விழுங்கும் செல்) 2 முதல் 4 மைக்ரான், முட்டை வடிவம், குறுகிய கழுத்தோடு மொட்டு என்றால் ஹிஸ்டோபிளாஸ்மா என்ற பூஞ்சையைச் சந்தேகிக்கலாம். காற்றறைக்குள் நசுங்கிய பந்து மாதிரி 5 முதல் 8 மைக்ரான், மொட்டே இல்லை என்றால் நியூமோசிஸ்டிஸ் என்ற நுரையீரல் பூஞ்சையைச் சந்தேகிக்கலாம் (இது வழக்கமான கல்ச்சரில் எப்படியும் வளராது).

ஆனால் ஒன்று, நியூமோசிஸ்டிஸ் டிஎன்ஏ நோயில்லாத வௌவாலிலும் இருக்கலாம். திசு சேதம் தெரியாமல் அதனால்தான் செத்தது என்று சொல்லாதீர்கள்.

அடுத்த முறை வனத்துறை அனுமதியோடு எடுக்கும்போது பாதித் துண்டை எத்தனாலில் போடுங்கள், மழைக்காலத்தில் நம் மலையில் கரண்டை நம்பி ஃபிரீசரில் வைக்க முடியாது. வௌவாலைத் தொடுகிறீர்கள், ரேபிஸ் தடுப்பூசி போட்டிருக்கிறீர்கள்தானே?