மாத்திரை கலந்த தண்ணி மீனோட பேரப்பிள்ளைங்க குணத்தையும் மாத்துமா?

மாத்தும்ங்க. மருந்தையே பாக்காத பேரன் வரைக்கும் குணம் மாறுது, ஹார்மோன் மாற்றம் கொள்ளுப்பேரன் வரைக்கும் போகும்னு ஆராய்ச்சி இருக்கு.

நான் பல வருஷமா மீன் தொட்டி வச்சிருக்கேன், கொளத்தூர்ல வாங்குன ஜீப்ரா மீன் அஞ்சாறு எப்பவும் இருக்கும். புதுத் தொட்டில விட்டா முதல்ல அடியில பதுங்கும், பயம் தெளிஞ்சதும் மேல வந்து மூலமுடுக்கெல்லாம் சுத்திப் பாக்கும். இந்தச் சுத்திப் பாக்குற குணத்தத்தான் கனடாவுல ஒட்டாவா பல்கலைக்கழகத்துக்காரங்க அளந்து 2018ல வெளியிட்டாங்க. மனச்சோர்வுக்குக் குடுக்குற ஃப்ளூக்ஸெடின கருவா இருக்கப்பவே தண்ணில கலந்து வெறும் 6 நாள் வச்சாங்க, அப்புறம் வாழ்நாள் பூரா நல்ல தண்ணிதான். மருந்து சாப்பிடுற அம்மாக்களோட தொப்புள்கொடி ரத்தத்துல இருக்குற அளவையும் பாத்தாங்க, கழிவுநீர் கலக்குற இடத்துல இருக்குற ரொம்பச் சின்ன அளவையும் பாத்தாங்க. அந்த மீனுங்களுக்கு, ஆபத்து வந்தா உடம்ப உஷார் பண்ற கார்டிசால்ங்குற ஹார்மோன் கொறஞ்சு போச்சு, அதோட பிள்ளை, பேரன், கொள்ளுப்பேரன் வரைக்கும் கொறைஞ்சே இருந்துச்சு, ஆண் மீனுங்ககிட்ட இன்னும் தெளிவா தெரிஞ்சது, சுத்திப் பாக்குறது ஆண் மீனுங்ககிட்ட பேரன் வரைக்கும் கொறஞ்சுடுச்சு.

இதுல பிள்ளைங்கள விட்ருங்க, ஏன்னா அந்தக் கருவுக்குள்ளயே அடுத்த தலைமுறைக்கான அணுக்கள் இருக்கும், அதுவும் மருந்துல ஊறினதுதான். பேரனுக்கு அப்படி எந்தத் தொடர்பும் கிடையாது, அவனுக்கும் இருக்குன்னா அது வழிவழியா வந்ததுதான். கார்டிசால் சரியா ஏறலன்னா ஆத்துல பெரிய மீன் தொரத்துறப்போ இந்தச் சின்ன மீன் என்ன பண்ணும்னு நெனச்சாலே எனக்கு மனசு கஷ்டமா இருக்கு.

காலாவதியான மாத்திரைய டாய்லெட்ல போடாதீங்க, ஆனா அது மட்டும் காரணம் இல்ல, நாம சாப்பிடுற மருந்துல ஒரு பங்கு சிறுநீர்லயே வெளிய போயிடுது, கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்கள இத வடிகட்டணும்னு யோசிச்சுக் கட்டல. அதுக்காக தயவுசெஞ்சு யாரும் டாக்டர் குடுத்த மாத்திரைய நிறுத்திடாதீங்க, நோயாளி மேல பழி போடுற விஷயமே இல்ல இது. சரிபண்ண வேண்டியது சுத்திகரிப்புலதான், சுவிட்சர்லாந்துல 2016ல இருந்து சட்டமே போட்டு பெரிய நிலையங்கள்ல ஓசோன், ஆக்டிவேட்டட் கார்பன் வச்சு மருந்து எச்சத்த எடுக்குறாங்க.