அறுந்த மிதவை எங்கே போகிறது?

கேள்வி: மாரியில் வாவி கடலில் விழும் முகத்துவாரத்தை வெட்டிவிட்டால் கலங்கல் தண்ணீர் கரையை ஒட்டியே நாவலடி, கல்லடி என்று தெற்கே போகிறது. கச்சான் எனும் தென்மேற்குக் காற்றுக் காலத்தில் வலையில் இருந்து அறுந்த மிதவையோ வெளியே போனால் போனதுதான். ஏன் இந்த ஓரவஞ்சனை? (வாசகர், மட்டக்களப்பு)

பதில்: பாதிப் பழி பூமியின் சுழற்சிக்கு. பூமத்திய ரேகைக்கு வடக்கே ஓடுகிற தண்ணீர் தன் வலப்பக்கம் சாயப் பார்க்கும். முகத்துவாரம் கிழக்கே பார்த்து இருப்பதால் வெளியே பாயும் தண்ணீருக்கு வலப்பக்கம் தெற்கு. அதோடு வாடைக்காற்று மேல்தண்ணீரைக் கரைப்பக்கம் அமுக்குகிறது, இந்தியாவின் கிழக்குக் கரையோரமாக இறங்கி வரும் நீரோட்டமும் அந்த மாதங்களில் நம் கரையைத் தொட்டுத் தெற்கேதான் போகிறது. கலங்கல் வேறு எங்கே போகும்? கல்லடிக் கரையில் நின்று பாருங்கள், பழுப்பும் நீலமும் கத்தியால் வெட்டியதுபோல் பிரிந்திருக்கும் கோட்டில் நுரை, ஆற்றுவாழை, பிளாஸ்டிக் போத்தல் எல்லாம் வரிசைகட்டி மிதக்கும்.

கச்சான் வந்தால் கதை மாறிவிடும். காற்று தரையில் இருந்து கடலுக்கு வீசுவதால் மிதவையை முதலில் தள்ளிவிடுவது அதுதான். ஆனால் தண்ணீர் காற்றின் பின்னாலேயே போவதில்லை. மேலே உள்ள சில பத்து மீற்றர் தண்ணீரை மொத்தமாகப் பார்த்தால் அது காற்றுக்கு வலப்பக்கம், கிட்டத்தட்டச் செங்கோணத்தில் நகர்கிறது என்று எக்மன் என்ற சுவீடன் கடலியலாளர் 1905இல் கணக்குப் போட்டுக் காட்டினார். தென்மேற்குக் காற்றுக்கு வலப்பக்கம் தென்கிழக்கு. நமக்கு அது ஆழ்கடல்.

அப்புறம் சுழி. மே தொடக்கம் செப்டம்பர் வரை தீவுக்குக் கிழக்கே நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் அகலத்துக்குத் தண்ணீர் இடஞ்சுழியாக, அதாவது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில், சுற்றும், நடுவில் கீழிருந்து குளிர்ந்த நீர் எழும்பும். வினயச்சந்திரன், யமகட்டா என்ற இரு கடலியலாளர்கள் 1998இல் அதை 'இலங்கைக் குவிமாடம்' என்று விவரித்தார்கள். அதன் மேற்கு ஓரம் நம் பக்கத்துத் தண்ணீரைப் பொத்துவில் பக்கமாகத் தெற்கே இழுக்கும், அங்கே தீவின் தெற்கால் வரும் பருவக்காற்று நீரோட்டம் அதைப் பிடித்துக்கொண்டு கிழக்கே திரும்பி, பிறகு வடகிழக்காக வங்காள விரிகுடாவுக்குள் நுழையும். உங்கள் மிதவையும் அந்த வழியில் போயிருக்கலாம்.

கேள்வி: அந்தச் சுழி படகை விழுங்குமா? (வாசகர், கல்முனை)

பதில்: விழுங்காது. ஒரு சுற்று முடியவே வாரக்கணக்காகும், அதற்குள் நிற்பவருக்குச் சுற்றுவதே தெரியாது. நடுவில் கடல்மட்டம் சென்ரிமீற்றர் கணக்கில்தான் தாழ்ந்திருக்கும், அதையும் செய்மதி அளந்துதான் சொல்கிறது. இயந்திரம் நின்றுபோன படகுக்குத்தான் ஆபத்து: நொடிக்கு ஓர் அடி வேக நீரோட்டம்கூட அதை ஒரு நாளில் இருபத்தைந்து கிலோமீற்றர் கொண்டுபோய்விடும்.