செல் அரித்ததா, ஆள் அறுத்ததா?

அன்புள்ள ஐயா,

தேவகோட்டையில் வீட்டிலிருந்தபடியே செய்தி மொழிபெயர்க்கும் வேலை பார்க்கிறேன். 'அண்டர்மைன்' என்ற ஆங்கிலச் சொல் தினம் நாலு தடவையாவது வந்துவிடும். கணினி அதற்குக் 'குறைமதிப்பிற்கு உட்படுத்துகிறது' என்று போட்டுத் தருகிறது. போன வாரம் 'இந்தத் தீர்ப்பு மக்களின் நம்பிக்கையைக் குறைமதிப்பிற்கு உட்படுத்துகிறது' என்று வந்ததை 'நம்பிக்கையை அரிக்கிறது' என்று மாற்றினேன். 'சொறி, அரிப்பெல்லாம் செய்தியில் வேண்டாம்' என்று சொல்லி ஆசிரியர் பழையபடியே ஆக்கிவிட்டார். அன்று சாயங்காலம் எங்கள் வீட்டு இரண்டாம் கட்டில் கிடந்த பழைய பெட்டியைத் திறந்தோம். எங்கள் ஐயா காலத்துப் பேரேட்டில் பாதியைச் செல் (கறையான்) தின்றிருந்தது. அப்பத்தா பார்த்துவிட்டு, "எல்லாத்தையும் அரிச்சுப்புடுச்சே" என்றார்கள். நான் எழுதியதும் அதே சொல்தானே? அதில் என்ன குறை?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

சொல்லில் ஒரு குறையும் இல்லை. ஆனால் நீங்கள் வைத்த இடத்தில் அது பொருந்தவில்லை. உங்கள் ஆசிரியர் தப்பான காரணத்தைச் சொல்லி அதை எடுத்திருக்கிறார், எடுத்த கையோடு அதைவிட மோசமான ஒன்றைத் திரும்ப வைத்துவிட்டார்.

அந்த மோசமானதை முதலில் முடித்துவிடுவோம். பத்திரம் பதியும்போது வீட்டின் விலையைக் குறைத்துக் காட்டுவார்களே, என் காதுக்குக் குறைமதிப்பு என்றால் அதுதான். மக்களின் நம்பிக்கைக்கு யார் விலை போட்டது? ஆங்கிலத்தில் அந்தச் சொல் பிறந்தது கோட்டை மதிலுக்கு அடியில். அடித்தளத்துக்குக் கீழே சுரங்கம் தோண்டி மதிலைச் சரிய வைப்பது ஒரு போர்முறை. அதில் மண் உண்டு, மண்வெட்டி உண்டு, மதிப்பு எங்கேயும் கிடையாது.

இனி உங்கள் அப்பத்தாவின் சொல். தமிழில் 'அரி' இரண்டு வினை. அரிவாமனையில் உட்கார்ந்து வெண்டைக்காய் அரிந்தாள் என்பது ஒன்று. பேரேட்டைச் செல் அரித்தது என்பது இன்னொன்று. அரிந்தாள், அரித்தது என்று இறந்தகாலத்தில் இரண்டும் பிரிந்துவிடும். அரிசி களையும்போது சொல்வது இரண்டாவதைத்தான். அரிக்கஞ்சட்டியைச் சாய்த்துச் சாய்த்துத் தண்ணீரோடு அரிசியைத் தள்ளிக்கொண்டே போனால் கல் அடியில் தங்கிவிடும். ஒரே கவிழ்ப்பாகக் கவிழ்த்தால் கல்லும் சேர்ந்து வரும். அதை யாரும் அரித்தாள் என்று சொல்லமாட்டார்கள், கொட்டினாள் என்பார்கள். செல் செய்வதும் இதே சிறுகச் சிறுகத்தான். உங்கள் பேரேட்டுக்கு அட்டை அப்படியே இருந்திருக்கும், எடுத்துப் பிரித்தபோதுதான் உள்ளே பொடி உதிர்ந்திருக்கும். (பர்மாத் தேக்கின் வைரத்தை, அதாவது உள்ளே இறுகிய நடுக்கட்டையை, செல் லேசில் சீண்டாது. தூணை விட்டுவிட்டுக் காகிதத்தைத் தின்னும். வீட்டுக்காரர் எதைப் பத்திரம் என்று நினைக்கிறாரோ அதைத்தான் முதலில் தேடிப் போகும்போல.)

ஆகவே அரித்தலுக்கு நாள் வேண்டும். அதோடு, அரிப்பதற்குப் பகை கிடையாது. செல்லுக்கு உங்கள் ஐயாமேல் என்ன கோபம்? நீங்கள் மொழிபெயர்த்த தீர்ப்போ ஒரே நாள் காலையில் வந்த ஒரே தீர்ப்பு. அது எப்படி அரிக்கும்? 'நம்பிக்கையைக் குலைக்கிறது' என்று எழுதியிருக்கலாம், 'ஆட்டங்காண வைக்கிறது' என்றும் எழுதியிருக்கலாம். பத்து வருஷத்தில் முப்பது தீர்ப்புகள் ஒரே பக்கமாக வந்திருந்தால் 'நம்பிக்கையை அரித்துவிட்டன' என்று தாராளமாக எழுதுங்கள். அப்போது ஆசிரியரோடு சண்டை போட நானும் வருகிறேன்.

நம் பக்கத்துக் கம்மாய்க் கரை உடைந்தால் ஊரில் என்ன சொல்கிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? நண்டு குடைஞ்சிருக்கு என்பார்கள். தண்ணி அரிச்சிருச்சு என்பார்கள். எவனோ வெட்டிவிட்டுட்டான் என்பார்கள். மூன்றுக்கும் முடிவு ஒன்றுதான், கரை போய்விட்டது. ஆனால் முதலிரண்டுக்கும் மண் போட்டு அடைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம், மூன்றாவதற்குப் பஞ்சாயத்துக் கூடவேண்டும். ஆங்கிலம் இந்த மூன்றையும் ஒரே சொல்லால் சொல்லிவிட முடியும். தமிழில் எழுதுகிறவர் யார் செய்தது, எப்படிச் செய்தது என்று விசாரித்த பிறகுதான் வினையைத் தொடமுடியும். உங்களுக்கு வேலை கூடுதல்தான், என்ன செய்வது.

குடைதலைப் பற்றியும் சொல்லவேண்டும். காதைக் குடைகிறோம், வண்டு மாங்கொட்டையைக் குடைகிறது, கேள்வி கேட்டே ஒருவன் நம்மைக் குடைகிறான். எல்லாமே தொந்தரவு. ஆனால் பிள்ளையார்பட்டிக் கோயிலும் குடைந்ததுதான், அதனால்தான் குடைவரை. திருமயத்துக்குப் போயிருப்பீர்கள். மலையின் அடிவாரத்தில் பாறையைக் குடைந்து சிவனுக்கும் பெருமாளுக்கும் பக்கத்துப் பக்கத்தில் கோயில். அதே மலைமேல் 1687இல் சேதுபதி கட்டிய கோட்டை. அடியில் குடைந்திருக்கிறது, மேலே கோட்டை நிற்கிறது. எனவே 'குடைகிறது' என்று மட்டும் எழுதிவிட்டு, விழப்போகிறது என்ற பொருளை வாசகர் தானாக எடுத்துக்கொள்வார் என்று நம்பாதீர்கள்.

வேண்டுமென்றே ஒருவர் செய்தால் 'குழி பறிக்கிறார்'. இதற்கு நான்காம் வேற்றுமை வேண்டும், கூட்டாளிக்குக் குழி பறித்தார், கூட்டணிக்குக் குழி பறித்தார் என்று. மேடைகளில் முழங்கும் 'குழிதோண்டிப் புதைத்தல்' வேறு கதை. அது ஆள் செத்த பிறகு. உலை வைப்பதும் ஆப்பு வைப்பதும் டீக்கடையில் நன்றாக இருக்கும்.

நீங்கள் கேட்காத ஒரு சொல்லைத்தான் உங்களுக்குத் தர ஆசைப்படுகிறேன். 'கீழறுத்தல்'. புதிதாகக் கண்டுபிடித்ததில்லை. 'முற்றியும் முற்றா தெறிந்தும் அறைப்படுத்தும் பற்றற் கரிய தரண்' என்ற 747ஆம் குறளில் வரும் 'அறைப்படுத்தும்' என்பதைப் பரிமேலழகர் இந்தச் சொல்லைக் கொண்டுதான் விளக்குகிறார். கோட்டைக்குள் இருப்பவர்களிடம் அவர்கள் நம்புகிற ஆட்களையே அனுப்பி, கீழறுத்துக் கதவைத் திறக்கவைப்பது. ஆங்கிலச் சொல் மதிலுக்குக் கீழே மண்ணைத் தோண்டுகிறது. இங்கே மதிலை யாரும் தொடவே இல்லை, உள்ளே இருக்கிற மனிதர்களின் ஒட்டுறவு அறுபடுகிறது. நீங்கள் தினம் மொழிபெயர்க்கும் அரசியல் செய்திகளில் பாதி இதுதானே? 'அமைச்சர் முதல்வரின் அதிகாரத்தைக் கீழறுக்கிறார்' என்று அடுத்த முறை எழுதிப் பாருங்கள். ஆசிரியர் அகராதியைத் தேடினால் தேடட்டும்.

மிச்சமிருக்கும் பேரேட்டை மறுபடி அந்தப் பெட்டியிலேயே போட்டுவிடாதீர்கள். நிழலில் காற்றாடப் பரப்பி, தூசி தட்டி, வசம்புத் துண்டு இரண்டு வைத்து, சுவரை ஒட்டாமல் உயரத்தில் வையுங்கள். செல் சுவரோரமாகத்தான் மண்ணைப் பூசிக்கொண்டு ஏறும். ஐயாவின் கையெழுத்து இருக்கிற பக்கங்களை முதலில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.