ஓவியர் கையெழுத்து இல்லை, பதிப்பாளர் கையெழுத்து இருக்கிறது: வாங்கலாமா?

வாசகர் கேள்வி: பாரிஸில் ஒரு பழைய படக்கடையில் பிரெஞ்சு ஓவியர் துலூஸ் லோத்ரெக்கின் ‘எல்’ என்ற படத்தொகுப்பிலிருந்து ஒரு கல்லச்சுத் தாளை (கல்லில் வரைந்து காகிதத்தில் அச்செடுத்தது) பார்த்தேன். ஓவியர் கையெழுத்து இல்லை. ஓரத்தில் ஓர் எண், பதிப்பாளர் பெல்லேயின் கிறுக்கல், அவ்வளவுதான். போலியாக இருக்குமோ?

பதில்: அந்தக் கிறுக்கல் இருப்பது நல்லதுதான். இல்லாமல் இருந்திருந்தால்தான் நான் யோசித்திருப்பேன்.

1896-ல் வந்த ‘எல்’ மூன்று பேர் சேர்ந்து செய்த வேலை. நிறத்துக்கு ஒரு கல் என்று லோத்ரெக் வரைந்து கொடுத்தார், ஒகுஸ்த் க்ளோ அச்சிட்டார், குஸ்தாவ் பெல்லே பணம் போட்டு விற்றார். அட்டையும் முகப்பும் போக 10 படங்கள், மொத்தம் 100 பிரதிகள். நூறுக்கு மேல் ஒன்றுகூட இல்லை என்பதற்குப் பெல்லேதான் ஜவாப்தாரி. அதற்காகத்தான் எண் போட்டுச் சுருக்கொப்பமும் இட்டார். தொகுப்பு சரியாகப் போணியாகவில்லை; தாள் தாளாகப் பிரித்து விற்க வேண்டியதாயிற்று. உங்கள் கண்ணில் ஒற்றைத் தாள் பட்டதில் ஆச்சரியமில்லை.

ஆனால் கையெழுத்தைப் போலியாகப் போடுவது சுலபம், காகிதத்தைச் செய்வதுதான் கஷ்டம். சட்டகத்திலிருந்து கழற்றி, தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடிக்கச் சொல்லுங்கள். பெல்லே, லோத்ரெக் இருவர் பெயரும் நீர்க்குறியாகத் தெரிய வேண்டும். தாள் ஏறக்குறைய 52 × 40 செ.மீ. இருக்கும், ஓரம் வெட்டப்பட்டிருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

அப்புறம் லென்ஸ். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். லோத்ரெக் பல்துலக்கும் பிரஷ்ஷால் மையைக் கல்லில் தெறிக்கவிடுவார். அந்தப் புள்ளிகள் பெரிதும் சிறிதுமாக, கலைந்து கிடக்கும். அதைப் பார்த்து ஆஃப்செட் (இயந்திரத்தில் அச்சிட்ட நகல்) என்று ஒதுக்கிவிடாதீர்கள். கோலப்புள்ளி மாதிரி ஒரே அளவில் வரிசை கட்டி நின்றால்தான் ஆஃப்செட். புள்ளி வரிசையே இல்லாத நல்ல நகல்களும் உண்டு என்பதால், லென்ஸை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம்.

ஓர் எச்சரிக்கை: எல்லாக் கற்களையும் ஓவியரே வரைந்திருக்க வேண்டும் என்ற அளவுகோலை எல்லாப் பதிப்பாளரிடமும் வைக்க முடியாது. ஆம்ப்ருவாஸ் வொலார் என்ற பதிப்பாளருக்காக ஓவியர் செசான் செய்த ‘பெரிய குளிப்பவர்கள்’ கல்லச்சில் கறுப்புக் கோடுகள் மட்டுமே அவர் கை. ஒரு பிரதிக்கு அவர் நீர்வண்ணம் பூசிக் கொடுக்க, அதைப் பார்த்து வண்ணக் கற்களைத் தயார் செய்தவர் அதே க்ளோ. அதையும் அசல் என்றுதான் சந்தை ஏற்கிறது.

சட்டகத்தைக் கழற்றக் கடைக்காரர் மறுத்தால், பேரம் பேசாமல் கிளம்பிவிடுங்கள்.