விழுந்துபோன ஒரு ‘என்று’

கேள்வி: ‘ஸ்திரீயைத் தொடாமலிருக்கிறது மனுஷனுக்கு நல்லது’ என்று எழுதியவர் பவுல். தான் வாழாத குடும்ப வாழ்க்கையைப் பற்றி ஒரு கட்டைப் பிரம்மச்சாரி சொன்ன தீர்ப்பை வேதம் என்று தலையில் வைத்துக் கொண்டாடுவது எந்த வகை நியாயம்? (பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

பதில்: வசனத்தின் முன்பாதியை எங்கே வைத்துவிட்டு வந்தீர்கள்? கொரிந்து என்ற கிரேக்க நகரத்துச் சபைக்குப் பவுல் எழுதிய கடிதம் அது. அதில் 1 கொரிந்தியர் 7:1 முழுதாக இப்படி இருக்கிறது: “நீங்கள் எனக்கு எழுதின காரியங்களைக்குறித்து நான் எழுதுகிறது என்னவென்றால், ஸ்திரீயைத் தொடாமலிருக்கிறது மனுஷனுக்கு நல்லது.”

நீங்கள் எனக்கு எழுதின காரியங்கள். அதாவது கொரிந்துக்காரர்கள் பவுலுக்குக் கேள்விகள் எழுதி அனுப்பியிருக்கிறார்கள். அவர் ஒவ்வொன்றாக எடுத்துப் பதில் சொல்கிறார். கன்னிகைகளைக் குறித்து, விக்கிரகங்களுக்குப் படைக்கப்பட்டவற்றைக் குறித்து, ஆவிக்குரிய வரங்களைக் குறித்து, தர்மப்பணத்தைக் குறித்து என்று 16ஆம் அதிகாரம் வரை இந்தக் ‘குறித்து’ வந்துகொண்டே இருக்கிறது. கேள்வி-பதில் பக்கம் நடத்துகிறவன் கண்ணில் இது படாமல் போகாது. நான் கேள்வியை மேலே அச்சிட்டுவிட்டுத்தான் பதிலைக் கீழே போடுகிறேன். கொரிந்துக்காரர்களின் கடிதமோ தொலைந்துவிட்டது. பதில் மட்டும் ஏறக்குறைய 2,000 ஆண்டுகளாகக் கேள்வியில்லாமல் தனியாக நிற்கிறது.

அதில் வரும் சங்கடம் என்னவென்று எனக்குத் தெரியும். ஒரு வாசகரின் வாதத்தை, பதிலுக்கு முன்பாக, அவர் சொன்னபடியே நான் ஒருமுறை திருப்பிச் சொன்னேன். மறு வாரம் அந்த வரியை மட்டும் வெட்டியெடுத்து, ‘ஆசிரியரே ஒப்புக்கொண்டார்’ என்று நான்கு கடிதங்கள் வந்தன. பவுலுக்கு நடந்ததும் இதுவே என்பது இன்றைய விவிலிய அறிஞர்கள் பலரின் கருத்து. ‘ஸ்திரீயைத் தொடாமலிருப்பது நல்லது’ என்பது கொரிந்துக்காரர்கள் தங்கள் கடிதத்தில் எழுதிய வாசகம். பவுல் அதை எடுத்துச் சொல்லிவிட்டு மறுமொழி தருகிறார். பழைய கிரேக்கக் கையெழுத்துப் படிகளில் மேற்கோள் குறி கிடையாது, சொற்களுக்கு நடுவே ஒழுங்கான இடைவெளிகூடக் கிடையாது. யார் பேசுவது என்பதை வாசிக்கிறவர்தான் கண்டுபிடிக்க வேண்டும். தமிழில் ‘என்று’ என்ற ஒரு சொல் போதும், பேசுகிறவர் மாறிவிடுவார். நம் பழைய மொழிபெயர்ப்பில் அந்த ‘என்று’ இல்லை.

இது பவுலைக் காப்பாற்ற நான் கட்டிய கதை என்று நினைத்தால், ஒரு பக்கம் முன்னே போங்கள். 6:12: “எல்லாவற்றையும் அநுபவிக்க எனக்கு அதிகாரமுண்டு, ஆகிலும் எல்லாம் தகுதியாயிராது.” முதல் பாதி கொரிந்தில் ஒரு கோஷ்டியின் முழக்கம், ‘ஆகிலும்’ தொடங்கிப் பவுல். இப்போது 7:1ஐ அடுத்து வரும் 7:2 எப்படித் தொடங்குகிறது என்று பாருங்கள். அதே ‘ஆகிலும்’. அவனவனுக்குச் சொந்த மனைவியும் அவளவளுக்குச் சொந்தப் புருஷனும் இருக்கவேண்டும் என்கிறார். தொடக்கூடாது என்பதுதான் அவர் தீர்ப்பு என்றால், அடுத்த வரியிலேயே ஏன் அதைக் கலைக்கிறார்?

கொரிந்து எப்படிப்பட்ட ஊர் என்பதும் இங்கே முக்கியம். கி.மு. 146இல் ரோமர்கள் தரைமட்டமாக்கிய நகரம் அது. கி.மு. 44இல் யூலியஸ் சீசர் அதை மீண்டும் குடியேற்ற நகரமாக நிறுவினார். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு துறைமுகங்கள், பல தேசத்துச் சரக்கு, பல தேசத்துச் சாமிகள். பவுல் அங்கே ஒன்றரை ஆண்டு தங்கிக் கூடாரத் தொழில் செய்துகொண்டே சபையைத் தொடங்கினார். பவுல் மேல் வந்த வழக்கைக் கேட்ட கல்லியோன் அங்கே ரோம ஆளுநராக இருந்ததை டெல்பியில் கிடைத்த கல்வெட்டு ஒன்று உறுதிசெய்வதால், ஏறத்தாழ கி.பி. 51ஐ ஒட்டிய காலம் என்று சொல்ல முடிகிறது. சில ஆண்டுகள் கழித்து அவர் எபேசு நகரில் இருக்கும்போது குலோவேயாள் என்ற பெண்ணின் வீட்டார் வந்து, சபை நான்கு கட்சியாகிவிட்டது என்றார்கள். தகப்பனுடைய மனைவியை வைத்துக்கொண்டிருப்பவன் ஒருவன். சகோதரர் மேல் சகோதரர் வழக்கு. கர்த்தருடைய பந்தியிலோ ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான். வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு தின்று குடித்து முடிக்க, இல்லாதவர்கள் வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருக்கிறார்கள்.

அந்தச் சபையில் எல்லாவற்றுக்கும் அதிகாரம் உண்டு என்று வேசியிடம் போனவர்களும் இருந்தார்கள்; ஆவிக்குரியவன் கட்டிய மனைவியைக்கூடத் தொடக்கூடாது என்றவர்களும் இருந்தார்கள். இரண்டுமே உடம்பு ஒரு பொருட்டல்ல என்ற ஒரே நினைப்பின் இரண்டு முனைகள். முதல் கூட்டத்துக்கு 6ஆம் அதிகாரம் பதில், இரண்டாவதற்கு 7ஆம் அதிகாரம். அந்த இரண்டாவது கூட்டத்தைப் பார்த்துப் பவுல் சொன்னதை நீங்கள் கவனித்ததாகத் தெரியவில்லை. மனைவியின் சரீரத்துக்குப் புருஷன் அதிகாரி என்கிறார். அந்தக் காலத்தில் எவரும் சொல்லக்கூடியதுதான் இது. அடுத்து, “அப்படியே புருஷனும் தன் சொந்த சரீரத்திற்கு அதிகாரியல்ல, மனைவியே அதற்கு அதிகாரி” என்கிறார். குடும்பத் தலைவனுக்கு வீட்டில் பெரும் அதிகாரம் கொடுத்த ரோமச் சட்டத்தின் நடுவே இருந்துகொண்டு எழுதிய வரி இது. ஜெபத்துக்காகப் பிரிந்திருப்பதானாலும் இருவரும் சம்மதிக்கவேண்டும், அதுவும் சில காலத்துக்கு மட்டுமே என்றும் நிபந்தனை போடுகிறார்.

உங்களைப்போலவே அரை வசனத்தோடு நின்றவர்கள் பெரிய மனிதர்களிலும் உண்டு. தொடாமலிருப்பது நல்லது என்றால் தொடுவது கெட்டது என்றுதானே பொருள் என்று கி.பி. 393இல், கன்னிமைக்கு மணவாழ்க்கை குறைந்ததல்ல என்று வாதிட்ட யோவினியானை மறுத்து எழுதியவர் ஜெரோம். விவிலியத்தை லத்தீனில் தந்த மேதைக்கே அந்தச் சறுக்கல் என்றால், உங்கள் மேல் நான் அதிகம் கோபப்படுவதற்கில்லை.

அதற்காகப் பவுல் மணவாழ்க்கைக்கு வக்கீல் என்று சொல்ல வரவில்லை. எல்லா மனுஷரும் என்னைப்போலவே இருக்க விரும்புகிறேன் என்று அதே அதிகாரத்தில் வெளிப்படையாகச் சொல்கிறார். காலம் குறுகிவிட்டது, இவ்வுலகத்தின் வேஷம் கடந்துபோகிறது என்று நம்பியவர் அவர். நாளைக்கே எல்லாம் முடியப்போகிறது என்று எண்ணுகிறவர் இன்றைக்கு முகூர்த்தம் பார்க்கச் சொல்லமாட்டார். அவர் எதிர்பார்த்த வேகத்தில் உலகம் முடியவில்லை என்பது வேறு விஷயம். ஆனால் அந்த விருப்பத்தை அவர் சட்டமாக்கவில்லை. கன்னிகைகளைப் பற்றிப் பேசும்போது “கர்த்தரிடத்தில் எனக்குக் கட்டளையில்லை” என்கிறார். தெரியப்படுத்துவது தன் அபிப்பிராயம் என்கிறார். நீங்கள் தீர்ப்பு என்கிறீர்கள், எழுதியவரே அபிப்பிராயம் என்று பெயர் போட்டுக் கொடுத்திருக்கிறார்.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு, இது எனக்கும் சேர்த்து. பிடிக்காத வரி ஒவ்வொன்றையும் கொரிந்துக்காரர்கள் கணக்கில் எழுதித் தப்பித்துவிட முடியாது. சபைகளில் ஸ்திரீகள் பேசாமலிருக்கக்கடவர்கள் என்று 14:34 சொல்கிறது. 11:5இல் அதே ஸ்திரீகள் சபையில் ஜெபம்பண்ணுவதையும் தீர்க்கதரிசனம் சொல்லுவதையும் அவர் சாதாரணமாக எடுத்துக்கொண்டு, முக்காட்டைப் பற்றி மட்டும் பேசுகிறார். இந்த முரண்பாட்டுக்கு அறிஞர்கள் தரும் விளக்கங்கள் பல. எனக்கு நிம்மதி தந்தது அவற்றில் ஒன்றுமில்லை. அதைக் கேட்டிருந்தால் பதில் சொல்லத் திணறியிருப்பேன். நீங்கள் சுலபமானதைக் கேட்டுவிட்டீர்கள்.

கட்டைப் பிரம்மச்சாரி என்றதற்கும் ஒரு வார்த்தை. மற்ற அப்போஸ்தலரையும் கேபாவையும் (பேதுருவையும்) போல மனைவியைக் கூட்டிக்கொண்டு திரிய எங்களுக்கு அதிகாரமில்லையா என்று 9:5இல் கேட்கிறவர் அவர். குடும்ப வாழ்க்கையைத் தூரத்திலிருந்து பார்த்தவரும் அல்லர். கொரிந்துக்கு வந்ததும் அவர் குடியிருந்தது ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் என்ற தம்பதியின் வீட்டில், தொழிலும் அவர்களோடுதான். இந்தக் கடிதம் எழுதும்போது அந்த இருவரும் எபேசுவில் இருக்கிறார்கள், அவர்கள் வீட்டில் சபை கூடுகிறது. 16:19இல் அவர்கள் கொரிந்துக்கு அனுப்பும் வாழ்த்தைப் பவுலே எழுதிக் கொடுத்திருக்கிறார்.